பேங்க் புத்தகத்தில் யார் பெயர்? - கடல் கடந்து வந்த காசின் வரலாறு

எமது ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பள்ளிவாசல் கட்டப்பட்ட ஆண்டைத் தவறாமல் எழுதியிருக்கின்றனர். பாடசாலை தொடங்கிய ஆண்டு, முதலாவது மௌலவி, முதலாவது பட்டதாரி, பெரிய வெள்ளம், சூறாவளி என்பனவும் பதிவாகியுள்ளன. ஆனால் வெளிநாட்டிலிருந்து முதலாவது டிராப்ட் எந்த வீட்டுக்கு வந்தது, அதை மாற்றுவதற்கு யார் எந்த நகரத்துக்குப் போனார்கள் என்ற குறிப்பை எந்தவொரு ஊர் மலரிலும் நான் காணவில்லை. எமது கிடுகு வேலிகள் மதில்களானதும் மண்வீடுகள் கல்வீடுகளானதும் பெருமளவில் அந்தக் காகிதத்தினால்தான். வீட்டைப் பற்றி எழுதுகிறோம்; அதைக் கட்டிய காசு எந்த வழியாக வந்தது என்று எழுதுவதில்லை.

கிழக்கின் கரையோரக் கிராமமொன்றில் பதினைந்து வருடங்களுக்கு மேலாகப் படிப்பித்து வருகிறேன். வரலாறும் தமிழும் எனது பாடங்கள். சில வீடுகளில் றங்குப் பெட்டிக்குள் கிடந்த பழைய பேங்க் புத்தகங்கள், டிராப்ட் வந்த கடித உறைகள், வரவு செலவு எழுதிய சீ.ஆர். கொப்பிகள் என்பவற்றை இக்கட்டுரைக்காகப் பார்த்தேன். அவற்றிலிருந்து அறிந்தவற்றையும் பொது வரலாற்றையும் சேர்த்து எழுத முயல்கிறேன்.

மக்காவில் கொடுத்து ஈராக்கில் வாங்குதல்

ஓரிடத்தில் காசைக் கொடுத்து இன்னோரிடத்தில் பெறுகின்ற வழக்கம் வங்கிகளோடு பிறந்ததல்ல. ஹிஜ்ரி முதலாம் நூற்றாண்டில் மக்காவில் இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரழி) அவர்கள் மக்களிடமிருந்து திர்ஹங்களைப் பெற்றுக்கொண்டு, ஈராக்கில் ஆளுநராக இருந்த தம் சகோதரர் முஸ்அபுக்கு எழுதிக் கொடுப்பார். அவர்கள் ஈராக் சென்று முஸ்அபிடம் அத்தொகையைப் பெற்றுக்கொள்வர். பிக்ஹு நூல்கள் எடுத்தாளும் செய்தி இது. வழிப்பறிக்காரனுக்குப் பயந்து வெள்ளியைச் சுமக்க வேண்டியதில்லை. கடிதத்தைச் சுமந்தால் போதும்.

இதற்கு 'ஸுப்தஜா' என்று பெயர். இது கூடுமா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். கடன் கொடுத்தவருக்கு வழியிலுள்ள ஆபத்திலிருந்து தப்புகின்ற இலாபம் கிடைக்கிறது; அது வட்டியின் சாயல் அல்லவா என்று கேட்டு, நிபந்தனையோடு செய்யும் ஸுப்தஜாவை நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபினர் தடுத்தனர். இரு தரப்பாருக்கும் நன்மை உண்டு, எவருக்கும் தீங்கில்லை என்று கூறி இப்னு தைமிய்யா அனுமதித்தார். காசு அனுப்புவதில் கிடைக்கும் இலாபம் யாருக்குரியது என்ற கேள்வி எவ்வளவு பழையது என்பதை இவ்விவாதம் காட்டுகிறது. இன்று கமிஷன், மாற்று விகிதம் என்ற பெயர்களில் அதே கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம்.

'ஹவாலா' என்பதும் பிக்ஹுச் சொல்லே. ஒருவர் மீதுள்ள கடனை இன்னொருவர் மீது மாற்றுவதை அது குறிக்கும். ஸஹீஹுல் புஹாரியில் இதற்கெனத் தனிப்பகுதியே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், சஹாராவின் தென்கரையில் இருந்த அவ்தகுஸ்த் நகரில் 42,000 தீனாருக்கான கடன் பத்திரமொன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார். 11ஆம் நூற்றாண்டில் பஸ்ராவுக்குச் சென்ற நாசிர் குஸ்ரூ, அங்குள்ள வணிகர்கள் காசை நாணய மாற்றுநரிடம் ஒப்படைத்துவிட்டு அவருடைய எழுத்தைக் கொண்டே கடைத்தெருவில் கொள்வனவு செய்ததைக் குறிப்பிடுகிறார். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இருந்தது ஒன்றுதான்: எழுதியவரின் வாக்கு அடுத்த ஊரிலும் செல்லும் என்ற நம்பிக்கை.

செட்டியார் தெருவின் உண்டியல்

நமது பக்கத்தில் இதே பணியைச் செய்தது உண்டியல். இன்று இச்சொல்லைக் கேட்டதும் களவு வியாபாரம் என்றே பலரும் நினைக்கின்றனர். தமிழில் அது வணிகர்களின் மாற்றுச்சீட்டைக் குறித்த கௌரவமான சொல். பிரித்தானியர் காலத்துக் கொழும்பில் இருந்த பெரிய வங்கிகள் ஐரோப்பியக் கம்பனிகளுக்கே சேவை செய்தன. சுதேச வியாபாரிக்கு அந்த வாசல் எளிதில் திறக்கவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் தமது உண்டியல்களை வங்கிகளில் மாற்றிக் காசெடுத்து உள்ளூர் வணிகர்களுக்குக் கடன் கொடுத்தனர். 1925இல் ஏற்பட்ட நெருக்கடியில் அந்த நம்பிக்கைச் சங்கிலி அறுந்தது. வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. சிறு வியாபாரிகள் தவித்தனர். பின்னர் 1934இல் வங்கி ஆணைக்குழு அமைக்கப்பட்டதும், 1939இல் இலங்கை வங்கி தோன்றியதும் இப்பின்னணியிலேயே. 1950இல் மத்திய வங்கி வந்தது. 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின்னர் வெளிநாட்டுக் காசைக் கையாளும் உரிமை அதிகாரம் பெற்ற வங்கிகளுக்குரியதாயிற்று. அதாவது, ஒரு காலத்தில் வங்கியே வாங்கி மாற்றிய உண்டியல் சட்டத்தின் வெளியே நின்றது.

இன்னொரு செய்தியையும் இங்கு சொல்ல வேண்டும். இன்று நாம் றியாலையும் தினாரையும் ரூபாவாக மாற்றுகிறோம். ஆனால் 1960கள் வரை குவைத், பஹ்ரைன், கட்டார், துபாய் போன்ற இடங்களில் புழங்கியதே ரூபாதான். 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாத் தாளை வெளியிட்டது. 1961இல் குவைத் தினாரும் 1965இல் பஹ்ரைன் தினாரும் வந்தன. 1966இல் இந்திய ரூபாவின் பெறுமதி குறைக்கப்பட்டபோது ஏனையோரும் ரூபாவைக் கைவிட்டனர். 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தது. கூலிக்காரர் போகும் திசை மாறிற்று.

டிராப்ட் காலம்

இலங்கையிலிருந்து மத்திய கிழக்குக்கான பயணம் 1970களின் பிற்பகுதியில் பெருகியது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவாக்கப்பட்டது. முதலில் ஆண்கள் அதிகமாகச் சென்றனர். 1990களில் சென்றோரில் பெரும்பான்மையினர் பெண்கள். அதிலும் வீட்டுப் பணிப்பெண்கள்.

அக்காலத்துக் காசு கடிதத்தில்தான் வந்தது. சம்பளம் கிடைத்ததும் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்க் கொழும்பு வங்கியொன்றின் மீது எழுதப்பட்ட டிராப்டை எடுக்க வேண்டும். அந்த எக்ஸ்சேஞ்ச் கொழும்பு வங்கியில் முன்கூட்டியே காசு வைத்திருக்கும்; டிராப்ட் என்பது அந்தக் காசிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடு என்ற கட்டளை. அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் ஊருக்கு வர இரண்டு மூன்று வாரமாகும். கொண்டுபோய் பேங்கில் போட்டால் தீர்ந்து காசாக இன்னும் சில வாரங்கள். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு எக்ஸ்சேஞ்சுக்குப் போகவும் முடியாது. வீட்டுக்காரர் அல்லது சாரதி மூலம்தான் டிராப்ட் எடுக்க வேண்டும். சிலருக்கு ஆறு மாதச் சம்பளம் சேர்ந்துதான் ஒரு டிராப்டாக வந்தது.

நான் ஆறாம் ஏழாம் வகுப்பில் படித்த காலத்தில் பக்கத்து வீட்டு மூத்தும்மாவுக்குக் கடிதம் வாசிப்பது எனது வேலை. "தம்பி, சலாமெல்லாம் பொறகு வாசிங்க. டிராப்ட் இலக்கம் எழுதிரிக்காளா எண்டு முதல்ல பாருங்க" என்பார். டிராப்ட் தொலைந்தால் அந்த இலக்கம்தான் சாட்சி. நான் பார்த்த சீ.ஆர். கொப்பியொன்றில் ஒவ்வொரு டிராப்டின் இலக்கமும் திகதியும் தொகையும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்திலேயே அரிசி, மண்ணெண்ணெய், ஓதுற பிள்ளைக்குக் கிதாபு, கடன் குடுத்தது என்று செலவுக் கணக்கு. கடைசிப் பக்கங்களில் சீமெந்துப் பைகளின் கணக்கு. கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குரியது என்பதால், தாய் சவூதியில் கழுவிய பாத்திரங்கள் மகளின் சீதன வீட்டுக்குக் கல்லாக மாறியதை அந்தக் கொப்பியில் வரிவரியாக வாசிக்கலாம். எமது சமூக வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆவணம் எது?

1990 ஓகஸ்ட்

இவ்வரலாற்றில் மறக்க முடியாத மாதம் இது. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்தைப் பிடித்தது. வங்கிகள் மூடப்பட்டன. அமெரிக்க டொலர் மூன்றுக்கு மேல் பெறுமதியாயிருந்த குவைத் தினார், ஈராக் தினாருக்குச் சமமென்று அறிவிக்கப்பட்டு, பின்னர் செல்லாக்காசாக்கப்பட்டது. சேமித்ததை விட்டுவிட்டு ஈராக், ஜோர்தான் வழியாக நமது தொழிலாளர்கள் தப்பி வந்தனர். மறுநாள், ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த வாரம் ஏறாவூர். மகள் உயிரோடு இருக்கிறாளா என்று இங்கு உம்மா அழுதார். உம்மா உயிரோடு இருக்கிறாரா என்று அங்கு மகள் அழுதாள். இரு பக்கத்திலும் தபால் இல்லை. ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணம், மன்னார் முகவரிகளுக்கு எழுதிய பிள்ளைகள் தம் பெற்றோர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருப்பதை எப்போது அறிந்தார்களோ!

குவைத்தில் இழந்தவர்களுக்கு ஐக்கிய நாடுகள் சபை 1991இல் அமைத்த நட்ட ஈட்டு ஆணைக்குழுவின் மூலம் பின்னர் நட்ட ஈடு கிடைத்தது. பல்லாயிரம் இலங்கையர் அதைப் பெற்றனர். ஈராக்கில் வேலை செய்த எகிப்தியர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் எளிதில் வாய்க்கவில்லை. ராபிதைன் வங்கி மூலம் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய காசு நடுவழியில் உறைந்தது. 'மஞ்சள் ஹவாலாக்கள்' என்று எகிப்தில் பெயர்பெற்ற அந்த 40 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை, 2011இல் தீர்வு எட்டப்படும் வரை இருபது வருடங்களுக்கு மேல் நிலுவையில் கிடந்தது. கையில் பற்றுச்சீட்டு இருந்தது, காசு இல்லை.

உண்டியல்காரர் வாசலுக்கு வந்தார்

யுத்த காலத்தில் எமது ஊரிலிருந்து நகரத்து வங்கிக்குப் போவதென்றால் எத்தனை சோதனைச் சாவடிகள், எத்தனை பயம்! அந்நிலையில்தான் உண்டியல் மீண்டும் வேரூன்றியது. றியாதிலோ தோஹாவிலோ நம்மவர் ஒருவரிடம் காசைக் கொடுத்தால், இரவே கோல் வரும். மறுநாள் காலையில் இங்கு ஒருவர் சைக்கிளில் வந்து ரூபாவை எண்ணிக் கொடுப்பார். படிவமில்லை, அடையாள அட்டையில்லை, வரிசையில்லை.

இதன் இயக்கத்தை மாணவர்களுக்கு நான் இவ்வாறு விளக்குவதுண்டு. றியால் கடல் கடந்து வருவதே இல்லை. கொழும்பிலுள்ள இறக்குமதியாளருக்குத் துபாயில் பொருளோ தங்கமோ வாங்க வெளிநாட்டுக் காசு வேண்டும். அவர் ரூபாவை இங்குள்ள உண்டியல்காரருக்குக் கொடுக்கிறார். அங்கு சேர்ந்த றியால் அவருடைய கணக்கைத் தீர்க்கிறது. இரண்டு கடன்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. கருத்தளவில் இது இப்னு ஸுபைர் காலத்துக் கடிதத்துக்கு அண்மையானதே. வேறுபாடு ஒன்று உண்டு. இங்கு வெளிநாட்டுக் காசு நாட்டின் வங்கிகளுக்குள் நுழைவதில்லை. மருந்துக்கும் எரிபொருளுக்கும் அரசு தேடும் டொலர் வேறு வழியில் போய்விடுகிறது. சுங்கத்தை ஏமாற்றுபவரும் போதைவஸ்துக்காரரும் அதே வழியில் நுழைந்துவிடுகின்றனர்.

2001 செப்டம்பருக்குப் பிறகு 'ஹவாலா' என்ற அறபுச் சொல்லே உலகப் பத்திரிகைகளில் குற்றவாளியாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், சோமாலியர்கள் வீட்டுக்குக் காசு அனுப்பிவந்த 'அல் பரகாத்' நிறுவனத்தை அமெரிக்கா மூடியது. அல்கைதாவுக்கு அது காசு கொடுத்ததென்ற குற்றச்சாட்டுக்குத் தக்க சான்று கிடைக்கவில்லை என்பதை அமெரிக்க விசாரணை ஆணைக்குழுவின் அலுவலர்களே பின்னர் எழுதினர். இடையில் பட்டினி கிடந்தவை மொகடிஷுவின் குடும்பங்கள். இலங்கையிலும் 2006இல் பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் வந்தன. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் எடுத்தது.

வங்கிகளும் சும்மா இருக்கவில்லை. 1990களில் வெஸ்டர்ன் யூனியன் போன்ற சேவைகள் வந்தன. இரகசிய இலக்கத்தைச் சொன்னால் சில நிமிடங்களில் காசு. பின்னர் நேரடியாகக் கணக்குக்கு வந்தது. இப்போது கைப்பேசியிலேயே அனுப்புகின்றனர். இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2020 மார்ச்சில் யூ.ஏ.ஈ. எக்ஸ்சேஞ்ச் என்ற பெருநிறுவனம் புதிய கொடுக்கல் வாங்கல்களைத் திடீரென நிறுத்தியபோது அனுமதிப்பத்திரம் உள்ளவரும் விழலாம் என்பதை உலகம் கண்டது.

நாற்பது ரூபாவின் கணக்கு

2020இல் வெளிநாட்டுத் தொழிலாளர் இலங்கைக்கு அனுப்பிய தொகை ஏறக்குறைய 710 கோடி டொலர். 2021இல் அது 549 கோடியாகக் குறைந்தது. 2022இல் 379 கோடி. இரண்டு வருடத்தில் ஏறக்குறைய பாதி! தொழிலாளர்கள் உழைப்பதை நிறுத்தவில்லை. நடந்தது என்ன?

2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் ஆரம்பம் வரை டொலரின் உத்தியோகபூர்வ விலை 203 ரூபாவளவில் பிடித்து வைக்கப்பட்டது. உண்டியலில் 240 ரூபாவுக்கு மேல் கொடுத்தார்கள். ஆயிரம் றியால் சம்பளம் பெறும் பணிப்பெண்ணின் கணக்கைப் பாருங்கள். ஒரு டொலர் 3.75 றியால் என்பதால் அவருடைய சம்பளம் 266 டொலர் சொச்சம். வங்கியில் ஏறக்குறைய 54,000 ரூபா. உண்டியலில் 64,000 ரூபா. வங்கி மூலம் அனுப்பினால் டொலருக்கு இரண்டு ரூபா என்றிருந்த ஊக்கத்தொகையை 2021 டிசம்பரில் பத்து ரூபாவாக்கினார்கள். அப்போதும் உண்டியலே மேல். பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற உம்மாவுக்கு அந்த வித்தியாசம் சிறிதல்ல.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அரசு அறிவித்தது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. எரிபொருளின்றிப் பாடசாலைகளை மூடினோம். உண்டியலில் அனுப்பியவர்களைத் தேசத்துரோகிகள் என்று சிலர் ஏசினர். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ஏழைத் தாயிடம் மாதம் பத்தாயிரம் ரூபாவை நாட்டுக்காக விட்டுக்கொடு என்று கேட்பதற்கு முன், அவளுடைய டொலருக்கு உரிய விலையைக் கொடுத்தோமா என்று கேட்க வேண்டும். விலையைச் சந்தைக்கு விட்ட பிறகு காசு வங்கிக்குத் திரும்பியதே இதற்குச் சாட்சி: 2023இல் ஏறக்குறைய 597 கோடி டொலர், 2024இல் 657 கோடி. அதே வேளை, எல்லோரும் உண்டியலில் அனுப்பியதன் விலையை எமது ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லாமல் நின்ற அதே ஏழைகளே கொடுத்தனர் என்பதையும் மறைக்கலாகாது. அனுப்பியவரும் அந்த வரிசையில் நின்றவரும் ஒரே குடும்பம்.

யாருடைய பெயர்?

வழி எதுவாயினும், வந்து சேர்ந்த காசு யாருடைய பெயரில் இருந்தது? நான் பார்த்த பழைய பேங்க் புத்தகங்களில் உழைத்த பெண்ணின் பெயர் இருந்தவை மிகச் சிலவே. கணவன், வாப்பா, காக்கா, மச்சான் என்று மற்றவர்களின் பெயர்களே இருந்தன.

எங்களூர்த் தாயொருவர் 1990களின் நடுப்பகுதியில் சவூதிக்குப் போய்ப் பதினொரு வருடம் உழைத்தார். எல்லா டிராப்டும் கணவரின் பெயருக்கே. திரும்பி வந்து நகரத்து வங்கியொன்றில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டபோது, கணக்கு உங்கள் பெயரில் இல்லையே, சொல்ல முடியாது என்றனர். உத்தியோகத்தர் செய்தது சட்டப்படி சரிதான். அந்தச் சரிதான் அவரை அதிகம் வருத்தியது. "நான் ஒழச்சத்துக்கு எண்ட பேரு எங்கயும் இல்ல சேர்" என்று என்னிடம் சொன்னார். அவருடைய மகன் அப்போது எனது வகுப்பில் இருந்தான். அதே காலத்தில் போன இன்னொருவர், புறப்படுமுன் தன் பெயரில் கணக்குத் திறந்து, வீட்டுச் செலவுக்கு மட்டும் மாமியின் கணக்குக்கு அனுப்பினார். ஊரில் அவரைப் புருஷனை நம்பாதவள் என்றார்கள். இன்று அவருடைய மகள் ஓர் ஆசிரியை.

பெண் உழைத்தது பெண்ணுக்கே உரியது என்பதை நமது மார்க்கம் தெளிவாகவே சொல்கிறது. கணவனின் நேர்மையைச் சந்தேகிப்பதற்காக இதை எழுதவில்லை. கடனை எழுதி வையுங்கள் என்று குர்ஆன் கட்டளையிட்டிருக்கிறது. எழுதி வைப்பது அவநம்பிக்கையென்று எவரும் கூறியதில்லை. மக்காவிலிருந்து ஈராக்குக்குப் போன அந்தக் கடிதத்திலும் யாருக்குரிய காசு என்பது எழுதப்பட்டுத்தானே இருந்திருக்கும்!

ஆகவே வெளிநாடு போகும் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டியவை அதிகமில்லை. விமானம் ஏறுமுன் சொந்தப் பெயரில் ஒரு கணக்கைத் திறவுங்கள். வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு இருக்கட்டும். ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் கைப்பேசியில் படமெடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கமிஷனை மட்டும் பார்க்காமல், கடைசியில் கைக்கு வரும் ரூபா எவ்வளவு என்று இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள்.

எழுத்தாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் றங்குப் பெட்டிகளுக்குள் இந்தப் புத்தகங்கள் இருக்கின்றன. வீட்டுக்கு நிறம் பூசும்போது அவற்றைக் குப்பையோடு எரித்துவிடுகின்றனர். எரிப்பதற்கு முன் வாங்கிப் பாருங்கள், பிரதியெடுத்து வையுங்கள். அடுத்த ஊர் மலரில் பள்ளிவாசல் கட்டிய ஆண்டுக்குப் பக்கத்தில், அதற்குக் காசு அனுப்பிய பெண்களின் பெயர்களும் அச்சாகட்டும்.